மரபுவழி மூளைநோய்களும் ஊர்தி வைரஸ்களும்

குடும்பத்தில் தலைமுறைதோறும் தொடர்ந்து வரும் நோய்களுள் மூளையையும் நரம்புகளையும் சிறுகச் சிறுகத் தேயச் செய்யும் நோய்கள் மிகக் கொடியவை. முப்பது, நாற்பது வயது வரை நல்ல உடல்நலத்தோடு உழைத்து வந்த ஒருவருக்கு நடையில் தள்ளாட்டம் தோன்றுகிறது. பேச்சு குழறுகிறது, கையெழுத்து சிதைகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, பிறர் துணையின்றி எழுந்து நிற்கவும் உணவை விழுங்கவும் இயலாத நிலை ஏற்படுகிறது. இத்தகைய நோய்கள் பலவற்றில், பெற்றோருள் ஒருவருக்கு நோய் இருப்பின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வரும் வாய்ப்பு சரிபாதியாகும். நோய் வெளிப்படும் முன்னரே திருமணமாகி மக்களும் பிறந்துவிடுவதால், ஒருவரின் நோய் கண்டறியப்படும் நாளில் அடுத்த தலைமுறையும் அதன் நிழலில் நிற்கின்றது.

பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞானக் கழகத்திற்கு (நிம்ஹான்ஸ்) தென் மாநிலங்களிலிருந்து இத்தகைய குடும்பங்கள் வருகின்றன. இரத்தப் பரிசோதனையால் நோயின் பெயரை இன்று உறுதியாகக் கூற முடிகிறது. ஆயினும் இந்நோய்களுள் பெரும்பாலானவற்றின் போக்கைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. நோயின் பெயரை அறிவதற்கும் அதனை நிறுத்துவதற்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்க விஞ்ஞானிகள் கையாளும் வழிகளுள் ஒன்று, வைரஸ்களைக் கொண்டு சோதனைப் பிராணிகளின் மூளையில் அந்நோயை உருவாக்கி ஆராய்வதாகும்.

நோயின் வேர்

மரபணுக்கள் டி.என்.ஏ. என்னும் வேதிப்பொருளில் நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட செய்திகள் எனலாம். அச்செய்தியின்படியே உயிரணு தனக்கு வேண்டிய புரதங்களை ஆக்கிக் கொள்கிறது. சில மரபணுக்களில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்துத் தொகுதி அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும். ஹன்டிங்டன் நோய்க்குரிய மரபணுவில் இத்தொகுதி 26 முறை வரை வருவது இயல்பு. அது 40 முறையோ அதற்கு மேலோ வந்தால் நோய் தோன்றுவது உறுதி. 36 முதல் 39 வரை உடையோருள் சிலருக்கு நோய் வருகிறது, சிலருக்கு வருவதில்லை. எண்ணிக்கை கூடக் கூட, நோய் இளம் வயதிலேயே தலைகாட்டுகிறது.

ஹன்டிங்டன் நோயின் மரபணு 1993ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில், முதுகுத்தண்டு-சிறுமூளைத் தள்ளாட்ட நோயின் முதல் வகைக்குரிய மரபணுவும் அடையாளம் காணப்பட்டது. சுருக்கமாக எஸ்.சி.ஏ. எனப்படும் இத்தள்ளாட்ட நோயில் பல வகைகள் உண்டு. அவற்றுக்கு எண்களே பெயர்கள்.

இந்நோய்கள் நம் நாட்டிற்கு அந்நியமானவை அல்ல. தமிழகத்தைச் சேர்ந்த ஒரு சமூகத்தாரிடையே எஸ்.சி.ஏ.-1 மிகுதியாகக் காணப்படுவதை 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துரைத்தது. எஸ்.சி.ஏ.-12 என்ற வகை 1999இல் அமெரிக்காவில் வாழும் ஜெர்மானிய வழிக் குடும்பம் ஒன்றில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. உலகின் பிற பகுதிகளில் அரிதான இவ்வகை, வட இந்தியாவின் அகர்வால் சமூகக் குடும்பங்களில் பரவலாக இருப்பது பின்னர் தெரிய வந்தது. ஆகவே, இவ்வகையை ஆராயும் பொறுப்பில் பெரும்பங்கு இந்திய ஆராய்ச்சியாளர்களைச் சார்ந்ததாகிறது.

பிராணிகள் ஏன்?

ஈரலிலிருந்தோ தோலிலிருந்தோ சிறு பகுதியை எடுத்துச் சோதிப்பது போல, உயிருள்ளவரின் மூளையிலிருந்து எளிதில் எடுத்துச் சோதிக்க இயலாது. இறந்தவரின் மூளை நோயின் இறுதி நிலையை மட்டுமே காட்டும். நோய் எவ்வாறு தொடங்கியது, எந்த நரம்பணு முதலில் நலிந்தது என்பதைக் காட்டாது. எனவே தொடக்கம் முதல் முடிவு வரை பின்பற்றிப் பார்க்கத்தக்க ஒரு மாதிரி தேவைப்படுகிறது.

இம்மாதிரியை மூன்று வழிகளில் உருவாக்கலாம். முதலாவது வழி, குறிப்பிட்ட நரம்பணுக்களை நச்சுப் பொருளால் அழிப்பது. பார்கின்சன் நோய் ஆராய்ச்சியில் இம்முறை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. ஆனால் நச்சு சில நாட்களில் செய்வதை மரபுவழி நோய் பல ஆண்டுகளில் செய்கிறது, இரண்டும் ஒன்றாகா.

இரண்டாவது வழி, பழுதுற்ற மனித மரபணுவைக் கருவிலேயே சேர்த்துப் புதிய சுண்டெலி வமிசத்தை உண்டாக்குவது. எஸ்.சி.ஏ.-1க்கான சுண்டெலி 1995இலும், ஹன்டிங்டன் நோய்க்கான சுண்டெலி 1996இலும் இவ்வாறு உருவாயின. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. எனினும் ஒரு வமிசத்தை நிலைநாட்டக் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாகின்றன. சுண்டெலியின் ஆயுளோ சுமார் இரண்டு ஆண்டுகள். நாற்பது ஆண்டுகளில் மெல்ல முற்றும் மனித நோயை அக்குறுகிய காலத்திற்குள் காண வேண்டி, மனிதரிடம் பொதுவாகக் காணப்படுவதைவிட நீண்ட சி-ஏ-ஜி தொடர்களைச் சேர்க்க நேர்கிறது. 1996இன் ஹன்டிங்டன் சுண்டெலிகளில் அது ஏறத்தாழ 150 ஆக இருந்தது.

மூன்றாவது வழியே ஊர்தி வைரஸ் முறை. வளர்ந்த பிராணியின் மூளையில், விரும்பிய இடத்தில், விரும்பிய நேரத்தில் பழுதுற்ற மரபணுவை இம்முறையால் சேர்க்கலாம். இனப்பெருக்கத்திற்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. மரபணு மாற்ற வமிசங்களை உருவாக்குவது கடினமான எலி, குரங்கு போன்ற பிராணிகளிலும் இதனைக் கையாள முடிகிறது.

வைரஸ் ஊர்தியாவது எப்படி?

வைரஸ் என்பது புரத உறைக்குள் பொதிந்த மரபுச் செய்தி. உயிரணுவுக்குள் நுழைந்து தன் செய்தியை அங்கே இறக்கிவிடும் ஆற்றல் அதற்கு இயல்பாகவே உண்டு. அதன் சொந்தச் செய்தியை அகற்றிவிட்டு வேறொரு மரபணுவை அவ்வுறைக்குள் வைத்தால், நோய் பரப்பும் வைரஸ் சுமை ஏற்றிச் செல்லும் வண்டியாக மாறுகிறது.

மூளை ஆராய்ச்சியில் மிகுதியாகப் பயன்படுவது அடினோ-துணை வைரஸ். 1965ஆம் ஆண்டில் வேறொரு வைரஸான அடினோ வைரஸை ஆராய்ந்தபோது, அதனுடன் கலந்திருந்த மிகச் சிறிய துகளாக இது கண்ணிற்பட்டது. மனிதருக்கு இது நோய் விளைவிப்பதாக அறியப்படவில்லை. இதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. பெருகும் ஆற்றல் இல்லாத நரம்பணுக்களுக்குள்ளும் இது செல்லும். சென்ற இடத்தில் நீண்ட காலம் செயற்படும்.

இதனை ஆக்கும் முறை வருமாறு: வைரஸின் சொந்த மரபணுக்கள் நீக்கப்படுகின்றன; இரு முனைகளில் உள்ள சிறு பகுதிகள் மட்டும் விடப்படுகின்றன. அம்முனைகளுக்கிடையே நோய்க்குரிய மரபணுவும், எந்த வகை உயிரணுவில் அது இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தூண்டு பகுதியும் வைக்கப்படுகின்றன. உறையை ஆக்குவதற்கான செய்தியும், துணைச் செய்தியும் தனித்தனி டி.என்.ஏ. வளையங்களாக அமைகின்றன. இம்மூன்றும் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களுக்குள் ஒருங்கே செலுத்தப்பட, அங்கே புதிய துகள்கள் உருவாகின்றன. பின்னர் அவை தூய்மை செய்யப்பட்டு அளவிடப்படுகின்றன. தன்னைத் தானே பெருக்கிக் கொள்ளும் செய்தி துகளுக்குள் இல்லாமையால், அது ஓர் உயிரணுவிலிருந்து மற்றொன்றுக்குப் பரவித் தொற்றாது.

இந்த வண்டி ஏற்கும் சுமைக்கு எல்லை உண்டு. அடினோ-துணை வைரஸ் சுமார் 4,700 எழுத்துகளையே கொள்ளும். பார்கின்சன் நோயோடு தொடர்புடைய ஆல்ஃபா-சைனியூக்ளின் புரதத்திற்கு 420 எழுத்துகளே போதும்; எஸ்.சி.ஏ.-1க்குரிய புரதத்திற்கு ஏறத்தாழ 2,450 எழுத்துகள் வேண்டும். இவை எளிதில் அடங்கும். ஹன்டிங்டன் புரதத்திற்கோ ஒன்பதாயிரத்திற்கும் மேற்பட்ட எழுத்துகள் தேவை. எனவே அம்மரபணுவின் தொடக்கப் பகுதியை மட்டுமே ஏற்றி அனுப்புகின்றனர். இதனினும் கூடுதல் சுமை ஏற்கக்கூடியது லென்டி வைரஸ். எய்ட்ஸ் வைரஸின் தீய பகுதிகளை நீக்கி அமைத்த இவ்வூர்தி நரம்பணுக்களுக்குள் மரபணுவைச் சேர்க்கும் என்பது 1996இல் நிறுவப்பட்டது.

ஒரு சோதனையின் அமைப்பு

மயக்க மருந்து கொடுக்கப்பட்ட எலியின் தலை ஒரு சட்டத்தில் அசையாதவாறு பொருத்தப்படுகிறது. மூளையின் வரைபடத்தைக் கொண்டு, நோய் தாக்கும் பகுதி முன்-பின், இடம்-வலம், ஆழம் என்னும் மூன்று அளவுகளால் குறிக்கப்படுகிறது. நுண்ணிய ஊசியின் வழியே சில மைக்ரோலிட்டர் அளவு வைரஸ் கரைசல் அங்கே மெதுவாகச் செலுத்தப்படுகிறது. பெரும்பாலும் மூளையின் ஒரு பக்கத்தில் மட்டுமே இவ்வாறு செய்வர். மறு பக்கம் அதே பிராணிக்குள் ஒப்பீட்டுக்கு உதவுகிறது. வாரங்கள் கழிந்த பின்னர், சுழலும் உருளையின் மேல் எலி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது, எந்தக் காலை அதிகமாகப் பயன்படுத்துகிறது என்பவை அளக்கப்படுகின்றன. இறுதியில் நரம்பணுக்கள் எண்ணப்படுகின்றன.

இம்முறையால் 2002ஆம் ஆண்டில் ஆல்ஃபா-சைனியூக்ளின் மரபணுவை எலியின் மூளையில் சேர்த்து, பார்கின்சன் நோயில் அழியும் நரம்பணுக்களே அழிவதைக் காட்டினர். ஹன்டிங்டன் மரபணுவின் பகுதியை லென்டி வைரஸில் ஏற்றிய சோதனையும் அதே ஆண்டில் வெளிவந்தது. 2003இல் மார்மசெட் என்னும் சிறு குரங்கிலும், 2008இல் எஸ்.சி.ஏ.-3க்காக எலிகளிலும் இம்முறை பயன்பட்டது.

மாதிரி சொல்வதும் சொல்லாததும்

இவ்வெற்றிகளைக் கொண்டு பிராணியில் உருவானது மனித நோயே எனக் கொள்வது பிழையாகும். ஊர்தி வைரஸ் ஒரே நரம்பணுவுக்குள் மரபணுவின் பல படிகளைச் சேர்க்கக்கூடும். அதனால் புரதம் இயற்கை அளவைவிடப் பன்மடங்கு பெருகுகிறது. எந்தப் புரதமும் அளவு மீறினால் தீங்கு செய்யலாம். ஒளிரும் தன்மையால் அடையாளத்திற்குப் பயன்படும் பச்சைப் புரதமே கூட, மிகுதியாகச் சேர்ந்தால் நரம்பணுக்களைக் கொல்வதுண்டு. ஊசியால் ஏற்படும் காயமும், உடலின் எதிர்ப்பாற்றல் எழுப்பும் அழற்சியும் விளைவுகளோடு கலந்துவிடுகின்றன.

ஆதலால் நேர்மையான சோதனையில் குறைந்தது மூன்று பிரிவுகள் தேவை. ஒரு பிரிவுக்கு நீண்ட சி-ஏ-ஜி தொடருடைய மரபணு. இன்னொன்றுக்கு அதே மரபணுவின் இயல்பான வடிவம், அதே அளவில். மூன்றாவதற்குத் தீங்கற்ற கரைசல் மட்டும். முதலிரு பிரிவுகளுக்கிடையே வேறுபாடு இல்லையெனில், கண்ட அழிவு நோயால் விளைந்தது அன்று. அளவு மீறியதால் விளைந்தது. இந்த ஒப்பீட்டைச் செய்யாத ஆய்வின் முடிவை ஏற்பதற்கில்லை என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இன்னும் ஆழ்ந்த ஓர் எல்லையும் உண்டு. எஸ்.சி.ஏ.-12இல் சி-ஏ-ஜி தொடர், புரதமாக மொழிபெயர்க்கப்படும் பகுதியில் இல்லாமல், மரபணுவின் தொடக்கத்திலுள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில் அமைந்திருப்பதாகவே பெரிதும் கருதப்படுகிறது. எனவே புரதத்தின் செய்தியை மட்டும் வைரஸில் ஏற்றி அனுப்பினால், நோயின் வேர் அதனுடன் செல்லாது. இந்தியக் குடும்பங்களைப் பெரிதும் வாட்டும் ஒரு நோய்க்குப் பிற நோய்களுக்கென அமைந்த மாதிரியை அப்படியே கடன் வாங்க இயலாது என்பதற்கு இதுவே சான்று. டில்லியிலுள்ள மரபுத்தொகுதி, ஒருங்கிணை உயிரியல் கழகத்தின் விஞ்ஞானிகள் எஸ்.சி.ஏ.-12 குடும்பத்தாரின் உயிரணுக்களிலிருந்தே ஆய்வுக்கூடத்தில் வளரும் மூல உயிரணு வரிசைகளை உருவாக்கியிருப்பது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

சுருங்கச் சொன்னால், ஊர்தி வைரஸ் மாதிரி ஒரு குறுகிய கேள்விக்கு நன்கு விடையளிக்கிறது: இப்புரதம், இவ்விடத்தில், இந்நரம்பணுவுக்குத் தீங்கு செய்யுமா? நோயாளியின் உடலில் நடப்பது இதுதானா என்ற அடுத்த கேள்விக்கு அதனிடம் விடையில்லை. அவ்விடையை நோயாளிகளிடமிருந்தே பெற வேண்டும்.

பெங்களூருவில் உள்ள வாய்ப்பு

இவ்விரண்டாவது கேள்விக்கு விடை காண வேண்டிய வசதிகள் பெங்களூருவில் ஒருங்கே அமைந்துள்ளன. 1954இல் தொடங்கப்பட்ட அகில இந்திய மனநலக் கழகமும் பழைய மனநல மருத்துவமனையும் 1974ஆம் ஆண்டில் இணைக்கப்பட்டு நிம்ஹான்ஸ் உருவாயிற்று. குடும்ப வரலாற்றைத் தொகுத்தல், மரபணுப் பரிசோதனை, ஆலோசனை ஆகியவை அங்கே நடைபெறுகின்றன. 1995இல் அங்கு மனித மூளைத் திசு வங்கி நிறுவப்பட்டது. குடும்பத்தார் மனமுவந்து அளித்த மூளைகள் அதில் பாதுகாக்கப்பட்டு, ஆராய்ச்சியாளர்களுக்கு வழங்கப்படுகின்றன. எலியின் மூளையில் கண்ட மாற்றம் மனித மூளையிலும் உண்டா என்பதை உரசிப் பார்க்கும் உரைகல் இதுவே.

நகரின் வடக்கே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய உயிரியல் விஞ்ஞான மையமும், மூல உயிரணு ஆராய்ச்சிக்கான இன்ஸ்டெம் நிறுவனமும் உள்ளன. இவ்விரண்டும் நிம்ஹான்ஸும் சேர்ந்து 2016ஆம் ஆண்டில் ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. ஒரே குடும்பத்தில் பலருக்கு மனநோயோ மறதிநோயோ காணப்படும் குடும்பங்களைத் தேர்ந்து, அவர்களின் இரத்த உயிரணுக்களை மூல உயிரணுக்களாக மாற்றி, அவற்றிலிருந்து நரம்பணுக்களை வளர்த்து ஆராய்வது இத்திட்டத்தின் வழி. நோயுற்றவரின் நரம்பணுவையும், நோயற்ற அவருடைய உடன்பிறந்தாரின் நரம்பணுவையும் அருகருகே வைத்து ஒப்பிட இது இடமளிக்கிறது.

எளிய பிராணிகளின் பயனும் இங்கே தெளிவாகியுள்ளது. தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில் பேராசிரியை கெய்தி ஹசன் குழுவினர், உயிரணுவுக்குள் கால்சியத்தை வெளிவிடும் ஏற்பி ஒன்றைப் பழ ஈக்களில் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். அவ்வேற்பி பழுதுற்ற ஈக்களால் முறையாகப் பறக்க இயலுவதில்லை. மனிதரில் அதற்கு இணையான மரபணு குறைபடுவதே எஸ்.சி.ஏ.-15க்குக் காரணம் என்பது 2007இல் தெரிய வந்தது. எந்தக் கேள்விக்கு ஈ போதும், எதற்கு எலி வேண்டும், எதற்கு நோயாளியின் உயிரணுவே தக்கது என்று பிரித்தறிவதே ஆராய்ச்சியின் முதற்படி.

விதிகள்

பிராணிகள் மீதான சோதனைகள் 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்திற்கு உட்பட்டவை. அச்சட்டத்தின்கீழ் மத்திய அரசு அமைத்த குழுவிடம் ஆய்வு நிறுவனங்கள் பதிவு பெற வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்திலும் பிராணிகளுக்கான அறநெறிக் குழு சோதனைத் திட்டத்தை முன்கூட்டியே பரிசீலிக்கிறது. மரபணு மாற்றிய வைரஸ்களைக் கையாளுவதற்கு, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வெளியான விதிகள் பொருந்தும். அவ்விதிகளின்படி நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவும், அதற்கு மேல் உயிரித் தொழில்நுட்பத் துறையின் மறுஆய்வுக் குழுவும் பொறுப்பேற்கின்றன.

இவ்விதிகளின் அடிப்படை, 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள் வகுத்த மூன்று நெறிகள்: பிராணிக்கு மாற்று உண்டெனில் அதனைக் கொள்ளுதல்; எண்ணிக்கையைக் குறைத்தல்; துன்பத்தைத் தணித்தல். மூளையின் மறு பக்கத்தையே ஒப்பீட்டுக்குக் கொள்ளும் முறை இரண்டாவது நெறிக்கு உதவுகிறது. 2023இல் திருத்தப்பட்ட புதிய மருந்துகள் விதிகள், உயிரணு வளர்ப்பு போன்ற மாற்று முறைகளின் முடிவுகளையும் ஏற்க வழிசெய்துள்ளன. முன்னரே விடை தெரிந்த கேள்விக்கு மீண்டும் பிராணிகளை உட்படுத்தும் திட்டத்தை அறநெறிக் குழு திருப்பியனுப்புவது ஆராய்ச்சிக்குத் தடையாகாது. அது ஆராய்ச்சியின் தரத்தையே உயர்த்தும்.

நோய் தந்த வண்டியே மருந்தும் தரும்

ஊர்தி வைரஸ் முறையின் முழுப் பயன் அதன் மறுமுகத்தில் தெரிகிறது. பழுதுற்ற மரபணுவைச் சுமந்த வண்டி, பழுதை நீக்கும் மரபணுவையும் சுமக்கும். 2004இல் எஸ்.சி.ஏ.-1 சுண்டெலிகளின் சிறுமூளையில், தீய மரபணுவின் செய்தியை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ.வை அடினோ-துணை வைரஸின் வழியே செலுத்தியபோது, அவற்றின் தள்ளாட்டம் குறைந்தது.

பிறந்த குழந்தைகளின் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிவதால் உண்டாகும் முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயின் வரலாறு இன்னும் தெளிவானது. அடினோ-துணை வைரஸின் ஒன்பதாம் வகையை இரத்தக் குழாயில் செலுத்தினாலே அது நரம்பணுக்களைச் சென்றடைவது 2009இல் சுண்டெலிக் குட்டிகளில் கண்டறியப்பட்டது. சுமார் 15 நாட்களில் இறந்துபோகும் நோயுற்ற குட்டிகள் அச்சிகிச்சையால் 250 நாட்களுக்கு மேல் வாழ்ந்ததை 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 2019ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு அதனைக் குழந்தைகளுக்கான மருந்தாக அங்கீகரித்தது. சுண்டெலியிலிருந்து குழந்தைக்கு வந்துசேரப் பத்தாண்டுகள் ஆயின.

ஆனால் அம்மருந்தின் ஒரு தவணைக்கு அறிவிக்கப்பட்ட விலை 21 லட்சம் டாலருக்கு மேல். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்கள் கொள்கையின்கீழ் நோயாளி ஒருவருக்கு வழங்கப்படும் உதவியின் உச்ச வரம்பு 2022இல் 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவ்விரு தொகைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நன்கொடைகளால் மட்டும் நிரப்ப முடியாது. வைரஸ் ஊர்திகளை உள்நாட்டிலேயே தரமாகவும் மலிவாகவும் ஆக்கும் ஆற்றலே நிலையான வழி.

அந்த ஆற்றல் எட்டாத ஒன்றன்று. இன்ஸ்டெம் நிறுவனத்தின் பிரிவாக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இயங்கும் மூல உயிரணு ஆராய்ச்சி மையம், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தின் கூட்டுறவோடு, கடுமையான ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவருக்கு லென்டி வைரஸ் வழியே மரபணுச் சிகிச்சை அளித்தது. அதன் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. சிகிச்சைக்குப் பின் ஐவருக்கும் இரத்தக் கசிவு நிகழ்ச்சிகள் நின்றிருந்தன. இது இரத்த நோயே எனினும், ஊர்தியைக் கையாளும் திறனும், சிகிச்சை முறையை வகுக்கும் திறனும் மூளை நோய்களுக்கும் பொதுவானவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019இல் வெளியிட்ட மரபணுச் சிகிச்சை நெறிமுறைகள் இப்பணிக்குச் சட்டகமாக அமைந்துள்ளன.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் பெருநகரங்களைத் தாண்டி மாவட்ட மருத்துவக் கல்லூரிகளை எட்ட வேண்டும். குடும்பம் அடையாளம் காணப்படாவிடில் அந்நோய்க்கு ஆராய்ச்சியே தோன்றாது. இரண்டாவதாக, ஊர்தி வைரஸ்களை ஆக்கி, அளந்து, பல ஆய்வுக்கூடங்களுக்கு வழங்கும் பொது மையங்கள் வலுப்பெற வேண்டும். ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தனித்தனியே முயன்று பொருளை வீணாக்க வேண்டுவதில்லை. மூன்றாவதாக, பிராணி மாதிரிக்கு நிதி வழங்கும்போதே, அதன் முடிவை நோயாளியின் உயிரணுவிலோ மூளை வங்கித் திசுவிலோ ஒப்பிடும் திட்டமும் உடனிருத்தல் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

எலியின் மூளையில் நோயை உண்டாக்கும் திறன் தன்னளவில் சாதனையாகாது. அத்திறன் எந்தக் குடும்பத்தின் நோயிலிருந்து பிறந்ததோ, அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்கு மருந்தாகத் திரும்பிச் செல்லும்போதே அதற்காகச் செலவிட்ட பொதுப்பணமும், பலியிட்ட உயிர்களும் பொருளுடையனவாகும்.